தாத்தாவின் மல்லாட்டையும் பாட்டியின் அரசாணிக்காயும்

கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவர் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா இளவயதில் பெரம்பூருக்கு ரயில்வே வேலைக்கு வந்தவர், இப்போது இல்லை. எந்த ஊரிலிருந்து வந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவர் வேர்க்கடலையை ‘மல்லாட்டை’ என்பாராம். பாட்டி இப்போதும் பறங்கிக்காயை ‘அரசாணிக்காய்’ என்றுதான் சொல்கிறாராம். தாத்தா பெயருக்கு முன்னால் ‘வி. பெ.’ என்று இரண்டு எழுத்துகள். ‘பெ’ அவருடைய அப்பா பெயர், ‘வி’ என்னவென்று தெரியாது. மல்லாட்டை என்பது மணிலாவிலிருந்து வந்த சொல் என்று எங்கோ படித்த தம்பி, “அப்ப நமக்குப் பிலிப்பைன்ஸ் ரத்தம் இருக்குமோ?” என்று வேறு கிளப்பிவிட்டிருக்கிறான். சொற்களை வைத்தே பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க முடியுமா, இல்லை காசு கட்டி டி.என்.ஏ. சோதனை செய்தால்தான் தெரியுமா என்பது கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தாத்தா எந்த ஊர்க்காரர் என்பது ஒன்று. நாம் யார் வம்சம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சொற்கள் நல்ல சாட்சி. இரண்டாவதற்கு அவ்வளவாக உதவாது, சில சமயம் ஆளை ஏமாற்றியும் விடும். நான் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவன். போகிற ஊரிலெல்லாம் செடிகொடிகளுக்கு அங்கே என்ன பெயர் என்று கேட்டு நோட்டில் எழுதுவது முப்பது வருஷப் பழக்கம். மொழியியலும் மரபணுவியலும் எனக்குப் படித்து வந்தவைதான், தொழிலாகச் செய்ததில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் மல்லாட்டை. விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி, விருத்தாசலம், திருவண்ணாமலை, புதுச்சேரி வட்டாரத்துப் பேச்சு அது. பண்ருட்டிப் பக்கம் ஒரு கொல்லையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பிடுங்கிய செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு அம்மாவிடம், “இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரும்மா?” என்று கேட்டேன். மண் அப்பிய கையை நிறுத்தாமல், “மல்லாட்டைக்கு என்னா பேரு? மல்லாட்டைதான்” என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரம்பூரில் இதே காய் வேர்க்கடலை, கொங்குப் பக்கம் கடலைக்காய், மதுரைக்குத் தெற்கே பெரும்பாலும் நிலக்கடலை அல்லது வெறும் கடலை. ஆக, தாத்தா பழைய தென்னார்க்காடு, அல்லது அதை ஒட்டிய வடார்க்காட்டுப் பகுதியில் வளர்ந்தவர் என்று தாராளமாகச் சொல்லலாம். அரசாணிக்காய் இன்னும் துல்லியம். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல் வட்டாரத்தைத் தாண்டினால் அந்தச் சொல் மெலிந்துவிடும். பாட்டி கொங்கு நாட்டில் வளர்ந்தவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

‘வளர்ந்தவர்’ என்றுதான் எழுதுகிறேன், ‘பூர்வீகம்’ என்று எழுதவில்லை. ஒருவர் ஐந்து வயதில் யார் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் இந்த மாதிரிச் சொல் காட்டும். அந்த அடுப்படி அம்மாவுடையதாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம். ஒருமுறை தென்காசிப் பக்கம் ஒரு வீட்டில் மரவள்ளிக்கிழங்கை எல்லோரும் ‘மரச்சீனி’ என்றார்கள். அது கன்னியாகுமரி, திருவனந்தபுரம் பக்கத்துச் சொல். ‘குமரியிலிருந்து குடியேறியவர்கள்’ என்று நோட்டில் பெருமையாக எழுதிவைத்தேன். அடுத்த வருஷம் போனபோதுதான் தெரிந்தது, அந்த வீட்டுப் பெரியவர் இருபது வருஷம் திருவனந்தபுரத்தில் ஹோட்டலில் வேலை பார்த்தவர். சொல் அவரோடு பஸ் ஏறி வந்திருக்கிறது. நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

சரி, தம்பியின் பிலிப்பைன்ஸ் ரத்தத்துக்கு வருவோம். மணிலாக்கொட்டைதான் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று, அதில் சந்தேகமில்லை. ஆனால் வேர்க்கடலையின் தாய்வீடு மணிலா இல்லை, தென் அமெரிக்கா. ஸ்பானியர்கள் 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே கப்பல் ஓட்டினார்கள். அமெரிக்கப் பயிர்கள் ஆசியாவுக்கு வந்த பாதைகளில் அது ஒன்று. நம் கரைக்கு இந்தக் கொட்டை வந்தபோது ‘மணிலாச் சரக்கு’ என்று யாரோ சொல்லி விற்றிருக்கிறார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. சரக்குக்குத்தான் அந்தப் பெயர், தின்றவர்களுக்கு இல்லை. என்னைக் கேட்டால் இந்தக் கொட்டைக்கு மிக நேர்மையான பெயரை வைத்தவர்கள் மலையாளிகள். கப்பலண்டி. கப்பலில் வந்த கொட்டை, அவ்வளவுதான்.

பெயரில் இருக்கும் ஊரை அப்படியே நம்ப முடியாது என்பதற்கு நம் சமையலறையே போதும். மக்காச்சோளத்தில் மக்கா இருக்கிறது, பயிரோ மெக்சிகோவில் பிறந்தது. பறங்கிக்காயும் அமெரிக்காதான். ஐரோப்பியர்களைப் பறங்கி என்று அழைத்ததால் அவர்களோடு வந்த காய் பறங்கிக்காய் ஆனது. சீத்தாப்பழத்தைச் சீதையோடு சேர்த்து எத்தனையோ கதைகள் சொல்கிறார்கள், அந்த மரமும் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. இது நமக்கு மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்க வேண்டாம். வான்கோழி அமெரிக்கப் பறவை. ஆங்கிலேயர்கள் அதற்குத் துருக்கியின் பெயரை வைத்தார்கள், துருக்கியர்கள் இந்தியாவின் பெயரை வைத்தார்கள், போர்ச்சுக்கீசியர்கள் பெரு என்கிறார்கள். யார் கையிலிருந்து வாங்கினோமோ, எந்தத் திசையிலிருந்து வந்ததாகக் கேள்விப்பட்டோமோ, அதுதான் பெயராகிறது.

இதைவிட நுட்பமான ஏமாற்று ஒன்று உண்டு. புதிதாக வந்த செடி, ஏற்கெனவே இங்கே இருந்த செடியின் பெயரை வாங்கிக்கொள்ளும். மிளகு இருந்தது, காரமான காய் ஒன்று கடல் கடந்து வந்தது, மிளகாய் ஆனது. கடலை என்றால் கொண்டைக்கடலை, மண்ணுக்குள் காய்த்தது நிலக்கடலை ஆனது. காட்டில் வள்ளிக்கிழங்கு இருந்தது, பிரேசில்காரன் மரவள்ளியானான், இன்னொருவன் சர்க்கரைவள்ளியானான். மணத்தக்காளி குடும்பத்துப் பெயரைத் தக்காளி எடுத்துக்கொண்டு, இன்று தக்காளி என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. சொல்லின் வயதைப் பார்த்துச் செடியின் வயதைச் சொல்ல முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ‘வள்ளி சங்கப் பாடலிலேயே இருக்கிறது, ஆகவே மரவள்ளி நம்முடையது’ என்று மேடையில் ஒருவர் பேசியதைக் கேட்டிருக்கிறேன். தலையில் கை வைக்கத்தான் தோன்றியது.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் புளி. சங்கப் பாடல்களிலேயே குழம்பில் இருக்கிறது, திராவிட மொழிகளில் புளிப்புச் சுவைக்கே அதுதான் பெயர். திண்டிவனம் என்ற ஊர்ப்பெயரே வடமொழியில் புளியமரத்துக்கு இருக்கும் திந்திரிணி என்ற சொல்லிலிருந்து வந்தது, புளியங்காடு என்று அர்த்தம். அரேபியர்கள் ‘இந்தியப் பேரீச்சை’ என்ற பொருளில் தமர் ஹிந்தி என்றார்கள், செடிகளுக்கு லத்தீன் பெயர் வைத்த லின்னேயஸ் அதை லத்தீனாக்கி, கூடவே இண்டிகா என்றும் சேர்த்துவிட்டார். ஒரே பெயரில் இரண்டு முறை இந்தியா! ஆனால் தாவரவியலார் பெரும்பாலோர் புளியமரத்தின் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா என்றே கருதுகிறார்கள். மிகப் பழைய காலத்திலேயே இங்கு வந்து வேரூன்றிவிட்டது. மன்னாரிலும் ராமநாதபுரக் கரையிலும் யானைக்கால் மாதிரி அடிமரத்தோடு நிற்கும் பெருக்கமரத்துக்கு ஆனைப்புளி என்றும் பெயர் உண்டு. அதுவும் ஆப்பிரிக்க மரம். ஒரு ஆப்பிரிக்கக்காரன் பெயரை இன்னொரு ஆப்பிரிக்கக்காரனுக்குத் தமிழில் வைத்திருக்கிறோம். இந்தியாவிலுள்ள பெருக்கமரங்களின் மரபணுவை ஆராய்ந்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. அவை ஒரே ஊரிலிருந்து ஒரே தடவையில் வந்தவை அல்ல, ஆப்பிரிக்காவின் வெவ்வேறு கரைகளிலிருந்து பலமுறை வந்தவை என்று அது காட்டியது. மரத்தைக் கொண்டுவந்தது மனிதர்கள்தான், ஆனால் அவர்கள் இங்கே தங்கிக் குடும்பம் நடத்தினார்களா, விதையைப் போட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டார்களா என்பதை மரம் சொல்லாது.

அப்படியானால் சொல்லும் செடியும் ரத்தமும் சேர்ந்தே பயணம் செய்த இடம் எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, மடகாஸ்கர். ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே இருக்கும் தீவு. ஆனால் அங்கே பேசும் மலகாசி மொழிக்கு மிக நெருங்கிய உறவு, இந்தோனேசியப் பக்கத்துப் போர்னியோவின் தென்கிழக்கில் பேசப்படும் மாஆன்யான் மொழி. நார்வேக்காரரான ஓட்டோ தால் 1951-லேயே இதை நிறுவிவிட்டார். திசைகளுக்கான சொற்களைப் பாருங்கள். மலாய் மொழியில் பாராட் என்றால் மேற்கு, திமூர் என்றால் கிழக்கு. மலகாசியில் அதே சொற்கள் அவராட்ர, அட்சிமு என்று மாறி வடக்கையும் தெற்கையும் குறிக்கின்றன. கடலோடிகளுக்குத் திசை என்பது காற்று. புதிய தீவில் காற்று வேறு பக்கத்திலிருந்து அடித்தது, பெயரைக் காற்றோடு திருப்பி வைத்துவிட்டார்கள்.

(நம் கதை ஒன்றும் இதே மாதிரிதான். கீழ், மேல் என்ற சொற்களிலிருந்துதான் கிழக்கும் மேற்கும் வந்தன. மேற்கே மலை, கிழக்கே சரிவு, சரியாக இருக்கிறது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கிழக்கேதான் மேடு, மேற்கே கடல். அங்கேயும் கிழக்கைக் கிழக்கு என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல் உருவானது மலைக்கு இந்தப் பக்கம் என்று கால்டுவெல் காலத்திலிருந்தே சொல்லிவருகிறார்கள், எனக்கும் அது சரியாகவே படுகிறது.)

மடகாஸ்கரில் வீட்டு விலங்குகளுக்கு இருக்கும் பெயர்கள் போர்னியோவைச் சேர்ந்தவை அல்ல. மாடு ஊம்பி, கோழி அகூஹு, நாய் அம்புவா எல்லாம் கிழக்கு ஆப்பிரிக்க பாண்டு மொழிகளிலிருந்து வந்தவை. கிழமைகளின் பெயர்கள் அரபு. வெள்ளிக்கிழமைக்கு ஜூமா என்கிறார்கள், ஜும்மாதான் அது. தேங்காய், வள்ளிக்கிழங்கு போன்றவற்றின் பெயர்கள் தென்கிழக்காசியத் தீவுகளின் சொற்களோடு ஒத்துப்போகின்றன. வேளாண்மையை ஆண்கள் ஒரு பக்கமிருந்தும் கால்நடையைப் பெண்கள் இன்னொரு பக்கமிருந்தும் கொண்டுவந்தார்கள் என்று எளிதாகக் கதை கட்டிவிடத் தோன்றும். ஆனால் மரபணு ஆய்வுகள், தாய்வழியிலும் தந்தைவழியிலும் இரண்டு பக்கமும் கலந்திருப்பதையே காட்டுகின்றன. 2016-ல் வெளியான தொல்லியல் ஆய்வு இன்னும் சுவாரசியம். பழைய குடியிருப்புகளின் மண்ணைச் சலித்துக் கருகிய தானியங்களைப் பொறுக்கினார்கள். ஆப்பிரிக்கக் கரையில் பெரும்பாலும் சோளமும் கம்பும் கிடைத்தன, மடகாஸ்கரிலும் பக்கத்துக் கொமோரோ தீவுகளிலும் ஆசியப் பயிர்களான நெல், பாசிப்பயறு, பருத்தி கிடைத்தன. மடகாஸ்கரில் அது எதிர்பார்த்ததுதான். கொமோரோவில் இன்று பேசுவது சுவாஹிலிக்கு உறவான பாண்டு மொழி! அந்தத் தீவில் மொழி ஒரு பக்கம் கையைக் காட்டுகிறது, பழைய அடுப்புச் சாம்பல் இன்னொரு பக்கம் காட்டுகிறது. சாட்சிகள் ஒத்துப்போகும் இடத்தைவிட இப்படி முரண்படும் இடத்தில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே மொரீசியஸ். அங்குள்ள, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் என்ற கலப்பு மொழியில் கறிவேப்பிலைக்குக் கரிப்பூலே, பீர்க்கங்காய்க்குப் பிப்பங்காய், ரசத்துக்கு ரசோன், முருங்கைக்கீரைக்குப் பிரெத் முரூம். கடைசிச் சொல்லில் பிரெத் என்பது கீரையைக் குறிக்கும் போர்ச்சுக்கீசிய வேரிலிருந்து வந்தது, முரூம் நம் முருங்கை. தமிழ்க் காது உடனே துள்ளும். ஒப்பந்தக் கூலிகளாக 1834 முதல் போன நம்மவர்கள் கொண்டுபோன சொற்கள் என்று நினைப்போம். பாதி சரி. அதற்கு நூறு வருஷம் முன்பே, பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் அந்தத் தீவுக்குப் போயிருக்கிறார்கள். எந்தச் சொல் எந்தக் கப்பலில் ஏறியது என்று பிரிப்பது கடினம். அதைவிட முக்கியம், கரிப்பூலே என்று சொல்பவர்களில் போஜ்புரி வழியினர், ஆப்பிரிக்க வழியினர், சீன வழியினர் எல்லோரும் உண்டு. குழம்பில் போடுவதற்கு வம்சம் பார்ப்பதில்லை. அங்கே ஒருவருடைய பூர்வீகத்தைத் தேட வேண்டுமென்றால், கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகள் மோக்காவில் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர், அப்பா பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் எழுதிய ஏடுகள். பத்துச் சொற்களைவிட அப்படிப்பட்ட ஒரு வரி மேல்.

டி.என்.ஏ. சோதனை பற்றி. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது உங்கள் கேள்விக்குப் பதில் தராது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் மூதாதையர் வரிசையில் 1,024 இடங்கள். தாய்வழி மைட்டோகாண்ட்ரியா அதில் ஒரே ஒரு பெண்ணைக் காட்டும், தந்தைவழி ஒய் குரோமோசோம் ஒரே ஒரு ஆணைக் காட்டும். இத்தனை சதவீதம் இந்தப் பகுதி என்று கலர் கலராக வருகிற கணக்கு, இன்று வாழும் மக்களிடம் எடுத்த மாதிரிகளோடு உங்களை ஒப்பிடுவதுதான். இந்தியாவில் இன்றுள்ள ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெருங்கலப்பின் தடம் இருக்கிறது என்று 2013-ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆயிரம் வருஷக் கணக்குக்கு அது நல்ல கருவி. விருத்தாசலமா விக்கிரவாண்டியா என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது.

அந்த ‘வி’க்கு வருகிறேன். நம் வழக்கத்தில் இரண்டு எழுத்து இருந்தால் முதலாவது ஊராக இருப்பது உண்டு, தாத்தாவின் தாத்தா பெயராக இருப்பதும் உண்டு. மல்லாட்டையையும் ‘வி’யையும் சேர்த்துப் பார்த்தால் விழுப்புரம், விருத்தாசலம், விக்கிரவாண்டி என்று மனசு தாவும். எனக்கும் தாவியது. இரண்டு தடயம் ஒத்துப்போகிறது என்பதற்காக முடிவு கட்டாதீர்கள், தென்காசியில் நான் செய்ததைத்தான் நீங்களும் செய்வீர்கள். தாத்தா ரயில்வேயில் இருந்தவர் என்றால் பணிப்பதிவேடு ஒன்று இருந்திருக்கும். அதன் முதல் பக்கத்தில் அப்பா பெயரும் குடியிருப்பும் எழுத ஒரு கட்டம் உண்டு. ஓய்வூதியக் காகிதங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்று பாருங்கள். குலதெய்வம் எது, கோவில் எந்த ஊர் என்று கேளுங்கள். இடம்பெயர்ந்த குடும்பங்கள் நிலத்தை விற்றாலும் குலதெய்வத்தை மாற்றுவது அபூர்வம். பிடிமண் எடுத்துவந்து புதிய ஊரில் கோவில் கட்டிக்கொள்வதும் உண்டு, அதனால் பழைய கோவில் எது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை, எனக்காகவும் செய்யுங்கள். பாட்டி முன்னால் ஒரு பிடி வேர்க்கடலையை வைத்து, பெயரைச் சொல்லாமல், இது என்ன என்று கேளுங்கள். கடலைக்காய் என்றால் அவர் பிறந்த வீட்டுச் சொல் இன்னும் இருக்கிறது. மல்லாட்டை என்றால் தாத்தாவிடமிருந்து வாங்கியது. வேர்க்கடலை என்றால் பெரம்பூர் ஜெயித்துவிட்டது. என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.